விடி-8 டார்பிடோ படையணி: மிட்வே பற்றிக் கேள்வி பதில்

பசிபிக் கடலில் மிட்வே தீவை ஒட்டி அமெரிக்காவும் ஜப்பானும் மோதிய 1942 ஜூன் 4 காலை, அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலான ஹார்னெட்டிலிருந்து விடி-8 என்ற டார்பிடோ படையணியின் 15 டெவஸ்டேட்டர் விமானங்கள், டார்பிடோவை (தண்ணீருக்குள் தானே ஓடிக் கப்பலைத் தாக்கும் குண்டு) சுமந்துகொண்டு ஜப்பானியக் கப்பல்களைத் தேடிக் கிளம்பின. ஒன்றும் திரும்பவில்லை. ஏறிப்போன 30 பேரில் 29 பேர் இறந்தார்கள். இதையொட்டி வந்த கேள்விகளும் பதில்களும் கீழே. நேரங்கள் எல்லாம் மிட்வே தீவின் உள்ளூர் நேரம்.

கேள்வி (கோவை): டெவஸ்டேட்டர் ஒரு ஓட்டை விமானம், அதனால்தான் அத்தனை பேரும் செத்தார்கள் என்கிறார்களே, சரியா சார்?

பாதிதான் சரி. டக்ளஸ் டிபிடி டெவஸ்டேட்டர் முதலில் பறந்தது 1935-இல், படைக்கு வந்தது 1937-இல். அன்றைக்கு அது புதுமைதான்: முழு உலோக உடல், ஒற்றை அடுக்கு இறக்கை, ஹைட்ராலிக்கில் மடங்கும் இறக்கை நுனி. ஐந்தே வருடத்தில் பழசாகிவிட்டது. 900 குதிரைத்திறன் இன்ஜின், உச்ச வேகம் மணிக்கு 330 கிலோமீட்டர். டார்பிடோவைச் சுமந்தால் 200-ஐ ஒட்டித்தான் ஓடும்.

ஆனால் இதே விமானம், ஒரு மாதத்துக்கு முன்பு மே 7 அன்று பவளக்கடலில் ஷோஹோ என்ற ஜப்பானிய விமானந்தாங்கியை மூழ்கடித்ததில் பெரும் பங்கு வகித்தது. லெக்சிங்டன், யார்க்டவுன் என்ற அமெரிக்கக் கப்பல்களின், மேலிருந்து செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் டைவ் பாம்பர்களும் டார்பிடோ விமானங்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பாய்ந்தன. கூடவே காவலுக்குப் போர் விமானங்கள் இருந்தன. எதிரியிடம் காவலுக்கு இருந்த விமானங்களோ சொற்பம். மிட்வேயில் இதெல்லாம் தலைகீழ். விமானத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால், திட்டமிட்டவர்கள் நைசாகத் தப்பித்துவிடுகிறார்கள்.

கேள்வி (சென்னை): டார்பிடோ போடுவது குண்டு போடுவதைவிட ஏன் அவ்வளவு ஆபத்து? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

டார்பிடோ ஓட வேண்டிய ஆழத்தைக் கிளம்பும் முன்பே கப்பலில் வைத்து அமைத்துவிடுவார்கள். அதன் பிறகு எல்லாம் விமானி கையில். 1942-இல் அமெரிக்க விமானங்கள் சுமந்த மார்க் 13 டார்பிடோவுக்கு இருந்த வரம்பு இது: கடல்மட்டத்திலிருந்து சுமார் 15 மீட்டர் உயரம், 110 நாட் வேகம், அதாவது மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர். இறக்கை சமமாக இருக்க வேண்டும், விமானம் பக்கவாட்டில் வழுக்கக் கூடாது. மூக்கு உயர்ந்த நிலையில் விட்டால் டார்பிடோ வயிறடித்து விழும். வால் துடுப்பு உடையும், அல்லது தண்ணீர்மேல் துள்ளும். மூக்கு அதிகம் தாழ்ந்திருந்தால் நேரே ஆழத்துக்குப் போய்விடும். ஆகவே கடைசிக் கட்டத்தில் விமானி வளையவும் கூடாது, நெளியவும் கூடாது. சுடுபவனுக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்?

அடுத்தது கணக்கு. கப்பல் 28 நாட்டில் ஓடுகிறது, மார்க் 13-இன் வேகம் 33.5 நாட். கப்பலின் பக்கவாட்டில் 900 மீட்டரில் இருந்து விட்டால், கப்பல் இருக்கும் இடத்தைப் பார்த்து அல்ல, அதற்கு 57 டிகிரி முன்னால் குறிவைக்க வேண்டும். டார்பிடோ போய்ச் சேர ஏறக்குறைய 95 வினாடி. அதற்குள் கப்பல் 1,300 மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். மிட்வேக்கு வந்த ஜப்பானிய விமானந்தாங்கிகளில் ஒன்றான சோர்யுவின் நீளமே சுமார் 228 மீட்டர்தான். அதன் மாலுமி பார்த்துக்கொண்டிருக்கையில், அந்த 95 வினாடியில் சுக்கானைத் திருப்பினால் கணக்கு முழுக்கப் பொய்.

பின்பக்கமிருந்து துரத்தினால் இன்னும் மோசம். டார்பிடோ கப்பலை நெருங்கும் வேகம் 5.5 நாட்தான், மனிதன் மெதுவாக ஓடும் வேகம். அதனால் டார்பிடோ விமானம் தெரிந்த உடனே ஜப்பானிய கேப்டன்கள் பின்புறத்தைக் காட்டித் திரும்பினார்கள். முன்னால் போய் வழிமறிக்க 110 நாட் விமானம் அரைவட்டம் அடிக்க வேண்டும், அதுவரை ஜப்பானியரின் ஜீரோ போர் விமானங்களுக்கு வேட்டைதான்.

இதற்கு மருந்து ஒன்றே: படையணியை இரண்டாகப் பிரித்து, கப்பலின் இரண்டு முன்பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் விடுவது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு வரிசைக்குப் பக்கத்தைக் காட்டியே தீர வேண்டும். மே 8 அன்று ஜப்பானியர் லெக்சிங்டனை இப்படித்தான் அடித்தார்கள். 15 மெதுவான விமானங்கள், காவல் இல்லாமல், ஜீரோக்களுக்கு நடுவே இரண்டாகப் பிரிந்து சுற்றி வருவது காகிதத்தில் மட்டும் நடக்கும்.

கேள்வி (சென்னை, அதே நண்பர்): ஜப்பானிய டார்பிடோவாக இருந்திருந்தால்?

டைப் 91-இன் வேகம் 42 நாட். அதே 900 மீட்டர், அதே கப்பல் என்று வைத்தால் முன்குறி 42 டிகிரி, ஓட்ட நேரம் 56 வினாடி. கிட்டத்தட்ட பாதி. அதோடு, காற்றில் நேராக வைத்திருந்து தண்ணீரில் விழுந்ததும் உடைந்து கழன்றுவிடும் மரத்துடுப்புகளும் அதற்கு உண்டு. கூடுதல் வேகத்திலும் கூடுதல் உயரத்திலும் இருந்து விடலாம்.

கேள்வி (மதுரை): மார்க் 13 மோசம் என்றால் எவ்வளவு மோசம்? எண் இருக்கிறதா?

இருக்கிறது. 1943-இல் அமெரிக்கக் கடற்படை 150 நாட்டுக்கு மேற்பட்ட வேகத்தில் விடப்பட்ட 105 டார்பிடோக்களை ஆராய்ந்தது. ஒழுங்காக ஓடியவை 31 சதவீதம். 36 சதவீதத்தில் இன்ஜினே கிளம்பவில்லை. 20 சதவீதம் மூழ்கின. மற்றவை திசை தவறின, ஆழம் தவறின. ஒரே டார்பிடோவில் இரண்டு கோளாறு இருந்ததும் உண்டு, அதனால் கூட்டிப் பார்த்தால் நூறைத் தாண்டும்.

காரணம் எளிது. ஏறக்குறைய ஒரு டன் எடை, 57 சென்டிமீட்டர் விட்டம், 4 மீட்டருக்கு மேல் நீளம் உள்ள நுட்பமான இயந்திரத்தைத் தண்ணீரில் அறைகிறோம். மெதுவான விமானத்துக்காக வடிவமைத்ததை வேகமான விமானத்தில் மாட்டினார்கள். போருக்கு முன் செலவுக்குப் பயந்து போதுமான அளவு விட்டுச் சோதிக்கவும் இல்லை.

திருத்தமும் எளிதுதான், ஆனால் 1944 வரை இழுத்தது. மூக்கைச் சுற்றி மரத்தால் ஒரு வளையம்: காற்றில் வேகத்தைக் குறைக்கும், தண்ணீரில் விழும் அடியைத் தாங்கிக்கொண்டு சிதறிவிடும். வாலில் காற்றில் ஆட்டத்தை நிறுத்த ஒரு ஒட்டுப்பலகைப் பெட்டி. துடுப்புகளைச் சுற்றி ஓர் உலோக வளையம், தண்ணீருக்குள் நேராக ஓட. இவற்றுக்குப் பின் 200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்தும் 250 நாட்டுக்கு மேற்பட்ட வேகத்திலும் விட முடிந்தது. முசாஷி, யமாட்டோ என்ற இரண்டு பிரம்மாண்டமான போர்க்கப்பல்களையும் மூழ்கடித்ததில் இதே மார்க் 13-க்குத்தான் முக்கியப் பங்கு. விடி-8-க்கு அது இரண்டு வருடம் தாமதம்.

கேள்வி (சிங்கப்பூர்): ஹார்னெட்டிலிருந்து டைவ் பாம்பர்களும் போர் விமானங்களும் போனதே. விடி-8 மட்டும் எப்படித் தனியாக மாட்டியது?

இதுதான் முழுக் கதையின் முடிச்சு.

ஹார்னெட்டின் கேப்டன் மார்க் மிட்ஷர். விமானத் தொகுதியின் தலைவர் ஸ்டான்ஹோப் ரிங். விடி-8-இன் தலைவர் ஜான் வால்ட்ரன்; தெற்கு டகோட்டாக்காரர், லக்கோட்டா பழங்குடி வம்சாவழி உள்ளவர். எந்தத் திசையில் போவது என்பதில் கிளம்பும் முன்பே வால்ட்ரனுக்கும் மேலே இருந்தவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. எதிரி தென்மேற்கில் இருப்பான் என்பது வால்ட்ரனின் கணக்கு.

மிட்ஷரின் அறிக்கையில் விமானங்கள் 239 டிகிரியில் போனதாக இருக்கிறது. ஆனால் பறந்தவர்களில் பலர் பின்னாளில் சொன்னது, ஏறக்குறைய நேர் மேற்கே, 265 டிகிரியில் போனோம் என்பது. எரிபொருள் தீர்ந்து கடலில் இறங்கியவர்கள் மீட்கப்பட்ட இடங்களை வைத்துப் பார்த்தாலும் 265-தான் பொருந்துகிறது. முதலில் தெரியவந்தவை இரண்டு விமானந்தாங்கிகள்தான், மீதி இரண்டும் பின்னால் தனியே வருகின்றன என்று மிட்ஷர் நினைத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். உண்மையில் அகாகி, காகா, சோர்யு, ஹிர்யு நான்கும் ஒன்றாகவே இருந்தன.

எட்டரை மணி வாக்கில் வால்ட்ரன் ரேடியோ மௌனத்தை உடைத்து ரிங்கோடு வாதாடினார், பிறகு தன் 15 விமானங்களோடு இடப்பக்கம் திரும்பிப் போய்விட்டார். 9:20-க்கு நேராக எதிரியின் மேல் போய் நின்றார். ரிங்கும் ஹார்னெட்டின் டைவ் பாம்பர்களும் அன்று காலை எந்தக் கப்பலையும் பார்க்கவே இல்லை. கூடப் போன 10 வைல்ட்கேட் போர் விமானங்களும் எரிபொருள் தீர்ந்து கடலில் விழுந்தன.

கட்டளை மீறினார் என்றால் மீறினார்தான். ஆனால் அன்று காலை கிளம்பிய ஹார்னெட் விமானங்களில் எதிரியைக் கண்டது அவருடைய படையணி மட்டுமே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி (சேலம்): வேறு கப்பலின் போர் விமானங்கள் மேலேயே இருந்தும் உதவவில்லை என்று படித்தேன். துரோகமா?

இல்லை, ஆள் அடையாளம் தவறியதுதான். என்டர்பிரைஸ் கப்பலின் 10 வைல்ட்கேட்கள், ஜேம்ஸ் கிரே தலைமையில், 6,000 மீட்டருக்கு மேல் பறந்துகொண்டிருந்தன. தங்கள் கப்பலின் விடி-6 என்று நினைத்து அவை பின்தொடர்ந்தது விடி-8-ஐ. கீழே மேகம் மறைத்தது. உதவி வேண்டுமானால் விடி-6 ரேடியோவில் கூப்பிடும் என்பது ஏற்பாடு. வால்ட்ரனுக்கு அந்த ஏற்பாடே தெரியாது. கூப்பாடு வரவில்லை, எரிபொருள் குறைந்தது, கிரே திரும்பிவிட்டார். ஒரே கடற்படை, ஒரே தாக்குதல், ஆனால் மூன்று கப்பலும் தனித்தனியாகத் திட்டம் போட்டன.

கேள்வி (திருநெல்வேலி): விடி-8 உயிரைக் கொடுத்து ஜீரோக்களைக் கீழே இழுத்தது, அதனால்தான் டைவ் பாம்பர்கள் ஜெயித்தன என்பார்களே அண்ணா?

கேட்க நன்றாக இருக்கிறது, கடிகாரம் ஒத்துழைக்கவில்லை. விடி-8 தாக்கியது 9:20-க்கு, முடிந்தது 9:40-க்குள். டைவ் பாம்பர்கள் அகாகி, காகா, சோர்யு மேல் பாய்ந்தது 10:22 முதல். இடையில் ஒரு மணி நேரம். ஜீரோ 6,000 மீட்டர் ஏற ஏழரை நிமிடம் போதும். 9:20-க்குக் கீழே வந்த ஜீரோ 10:22 வரை கீழேயே கிடக்க வேண்டிய அவசியம் இல்லை.

அந்தக் கடைசி நேரத்தில் ஜீரோக்களைத் தன் பக்கம் இழுத்தது யார் என்றால் யார்க்டவுனின் விடி-3. லான்ஸ் மாஸி தலைமையில் 12 விமானங்கள், கூடவே தாச் தலைமையில் 6 வைல்ட்கேட்கள், பத்து மணிக்குப் பிறகு தென்கிழக்கிலிருந்து வந்தன. டைவ் பாம்பர்கள் மேலே வந்தபோது காவல் விமானங்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் குவிந்திருந்தன.

அப்படியானால் விடி-8 செய்தது ஒன்றுமில்லையா? இருக்கிறது, வேறு விதமாக. விமானந்தாங்கியின் தளம் ஒரு நேரத்தில் ஒரு வேலைக்குத்தான் பயன்படும். ஜீரோவின் 20 மில்லிமீட்டர் பீரங்கிக்கு ஒன்றுக்கு 60 குண்டுதான். விசையை அழுத்திக்கொண்டே இருந்தால் ஏழு வினாடிக்குள் காலி. தாக்குதல் வரும்போதெல்லாம் ஜீரோக்கள் சுட்டுத் தீர்த்து, இறங்கி, குண்டு நிரப்பி, மறுபடி ஏற வேண்டும். தளம் அதற்கே சரியாகப் போய்விடும். எதிர்த்தாக்குதலுக்கான விமானங்களைக் கீழ்க்கூடத்திலிருந்து ஏற்றி வரிசைப்படுத்த முக்கால் மணி நேரமாவது ஆகும், அதுவும் கப்பல் வளையாமல் ஓடினால். காலை ஏழு மணி முதல் மிட்வே தீவின் விமானங்கள், பிறகு 9:20-க்கு விடி-8, 9:40-க்கு யூஜீன் லின்ட்சேயின் விடி-6, பிறகு விடி-3 என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்ததில் ஜப்பானிய விமானந்தாங்கிப் படையின் தளபதி நாகுமோவுக்கு அந்த முக்கால் மணி நேரம் கிடைக்கவே இல்லை. இது யாரும் போட்ட திட்டம் இல்லை. ஒருங்கிணைப்பு குலைந்ததன் பக்கவிளைவு.

மூன்று படையணியும் சேர்த்து 41 டெவஸ்டேட்டர் போயின. 35-க்குக் குறையாமல் அழிந்தன. ஒரு டார்பிடோகூட எதிரிக் கப்பலில் படவில்லை.

கேள்வி (ஈரோடு): விமானத்துக்கு மூன்று பேர் என்றால் 45 பேர் அல்லவா போயிருக்க வேண்டும்? 30 எப்படி?

மூன்றாவது ஆள் சமதளத்தில் பறந்தபடி குண்டு வீசும்போது குறிபார்ப்பவர். டார்பிடோ தாக்குதலில் அவருக்கு வேலை இல்லை. அதனால் விமானியும் பின்னால் ரேடியோ-துப்பாக்கிக்காரரும் மட்டும் போனார்கள். பின்புறத்து ஒற்றைத் துப்பாக்கியை இரட்டையாக மாற்ற வால்ட்ரன் முன்பே ஏற்பாடு செய்திருந்தார்.

கேள்வி (கோலாலம்பூர்): தப்பிய அந்த ஒருவர்?

ஜார்ஜ் கே. சோர்யுவை நோக்கி டார்பிடோவை விட்டார், படவில்லை. விமானம் கடலில் விழுந்தது. துப்பாக்கிக்காரர் ராபர்ட் ஹன்டிங்டன் இறந்துவிட்டார். கே, மிதந்துவந்த இருக்கை மெத்தையைத் தலைக்கு மேல் பிடித்து ஒளிந்திருந்தார். மறுநாள் கடற்படை விமானம் ஒன்று அவரை மீட்டது. டார்பிடோவைச் சுமந்துகொண்டு கப்பலிலிருந்து கிளம்பியது அன்றுதான் முதல் தடவை என்று அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். பயிற்சியின் லட்சணத்துக்கு இது ஒன்று போதும்.

கேள்வி (புதுச்சேரி): விடி-8-இல் வேறு விமானமும் இருந்ததாமே?

ஆமாம், பலரும் விட்டுவிடும் பகுதி இது. படையணியின் ஒரு பிரிவு புதிய கிரம்மன் டிபிஎஃப் அவெஞ்சரைப் பெற்றுக்கொள்ள அமெரிக்காவின் நார்ஃபோக்கில் தங்கியது. அது பேர்ல் ஹார்பருக்கு வந்தது மே 29-இல். ஹார்னெட் முந்தின நாளே கிளம்பிவிட்டது. ஆறு அவெஞ்சர்கள் ஜூன் 1 அன்று மிட்வே தீவுக்குப் பறந்தன. ஜூன் 4 காலை லாங்டன் ஃபீபர்லிங் தலைமையில் காவல் இல்லாமல் போய், 7:10 வாக்கில் தாக்கின. திரும்பியது ஒன்றே ஒன்று.

அதன் விமானி ஆல்பர்ட் எர்னஸ்ட். உயரம் மாற்றும் கம்பிகள் அறுந்து, விமானம் கடலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. பழக்கத்தில் கை, மூக்கை ஏற்றி இறக்கிச் சமன்செய்யும் டிரிம் சக்கரத்துக்குப் போனது. திருப்பியதும் மூக்கு நிமிர்ந்தது. மீதி வழி முழுக்க டிரிம்மை வைத்தே ஓட்டி, ஒற்றைச் சக்கரத்தில் இறங்கினார். மேல்கூண்டுத் துப்பாக்கிக்காரர் ஜே மேனிங் இறந்துவிட்டார், ரேடியோக்காரர் ஹாரி ஃபெரியர் காயத்தோடு பிழைத்தார்.

1,700 குதிரைத்திறன், மணிக்கு 430 கிலோமீட்டர், புத்தம்புதிய விமானம். ஆறில் ஐந்து போயிற்று. முதல் கேள்விக்கு இதுவும் பதில். இரண்டு பிரிவும் சேர்த்து அன்று பறந்த விடி-8 ஆட்கள் 48, இறந்தவர்கள் 45.

கேள்வி (திருகோணமலை): எங்கட பக்கம் 1942-இல் குண்டு போட்டதும் இதே கப்பல்கள்தானே?

மூன்று அவையே. அகாகி, சோர்யு, ஹிர்யு ஆகியவை ஏப்ரல் 5-இல் கொழும்பையும், 9-இல் திருகோணமலையையும் தாக்கிய படையில் இருந்தன. காகா அப்போது பழுதுபார்க்க ஜப்பானில் நின்றது. மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டிஷ் விமானந்தாங்கி ஹெர்ம்ஸ் மூழ்கியதும் 9-ஆம் தேதிதான். அதில் அப்போது விமானமே இல்லை. அதை மூழ்கடித்தது டார்பிடோ அல்ல, டைவ் பாம்பர்கள்.

உங்கள் ஊரோடு நேரடித் தொடர்புள்ள டார்பிடோ படையணி ஒன்று உண்டு. சீனக்குடா விமானத்தளத்தில் இருந்த பிரிட்டிஷ் கடற்படையின் 788-ஆவது படையணி. ஏப்ரல் 5 காலை அதன் ஆறு ஸ்வோர்ட்ஃபிஷ் விமானங்கள் டார்பிடோக்களோடு ரத்மலானைக்குப் பறந்து வந்தன, கொழும்பைத் தாக்கிக்கொண்டிருந்த ஜீரோக்களின் நடுவில் சரியாகப் போய்ச் சேர்ந்தன. ஆறும் வீழ்த்தப்பட்டன. பிப்ரவரி 12 அன்று ஆங்கிலக் கால்வாயில் ஜெர்மன் போர்க்கப்பல்களை நோக்கிப் போன 825-ஆவது படையணியின் ஆறு ஸ்வோர்ட்ஃபிஷ்களும் அப்படியே. காவல் விமானம் சுற்றும் இடத்துக்குப் பகலில் டார்பிடோ விமானம் தனியாகப் போகக்கூடாது என்பதற்கு மிட்வேக்கு முன்பே இரண்டு சான்றுகள் இருந்தன.

கேள்வி (தஞ்சாவூர்): ஜப்பானிய டார்பிடோ விமானங்கள் மட்டும் சேதமில்லாமல் தாக்கினவா?

இல்லவே இல்லை. அதே நாள் பிற்பகல் ஹிர்யுவிலிருந்து டொமோனகா தலைமையில் 10 டார்பிடோ விமானங்கள் யார்க்டவுன் மேல் வந்தன. ஐந்து திரும்பவில்லை, டொமோனகாவும் திரும்பவில்லை. ஆனால் இரண்டு டார்பிடோ பட்டது, கப்பல் முடங்கியது. அவர்களும் செத்தார்கள், ஆனால் இரண்டு பக்கமும் பிரிந்து வந்தார்கள், வேகமாக வந்தார்கள், டார்பிடோ ஓடியது.

கேள்வி (நாமக்கல்): மிட்வேக்குப் பின் விடி-8 என்ன ஆனது?

ஹரால்ட் லார்சன் தலைமையில் அவெஞ்சர்களோடு சாரடோகா கப்பலில் ஏறியது. ஆகஸ்ட் 24 அன்று கிழக்கு சாலமன் போரில் ரியூஜோ என்ற விமானந்தாங்கியை மூழ்கடித்த தாக்குதலில் டார்பிடோ அடித்தது இவர்கள்தான். ஆகஸ்ட் 31-இல் சாரடோகாவை நீர்மூழ்கி அடித்துவிட, செப்டம்பரில் குவாடல்கனால் தீவின் ஹென்டர்சன் விமானத்தளத்துக்குப் போனார்கள். அங்கே டார்பிடோவைவிடத் தரைமேல் குண்டு போட்டதே அதிகம். விமானங்கள் ஒவ்வொன்றாய்த் தேய்ந்து, நவம்பரில் படையணியைக் கலைத்துவிட்டார்கள்.

கேள்வி (வேலூர், கல்லூரி மாணவி): ப்ராஜெக்ட்டுக்காகப் படிக்கிறேன் சார். ஒவ்வொரு இடத்திலும் நேரமும் தேதியும் வேறு வேறாக இருக்கிறது. எதை எடுப்பது?

மூன்று கடிகாரம் ஓடுகிறது, அதுதான் குழப்பம். மிட்வே உள்ளூர் நேரம் ஒன்று. அமெரிக்க விமானந்தாங்கிகளின் அறிக்கைகள் அதைவிட இரண்டு மணி நேரம் முன்னால் இருக்கும். ஜப்பானிய ஆவணங்கள் டோக்கியோ நேரம், அதாவது 21 மணி நேரம் முன்னால். அதனால் அவற்றில் இந்தப் போர் ஜூன் 5 என்று வரும். ஒரு அட்டவணை போட்டு எல்லாவற்றையும் மிட்வே நேரத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். உதாரணத்துக்கு, டோக்கியோ 6:20 என்றால் மிட்வேயில் முந்தின நாள் 9:20. ஹார்னெட் பற்றி எழுதும்போது மட்டும் இன்னொரு எச்சரிக்கை: தாக்குதல் பற்றி மேலே போனது மிட்ஷர் கையெழுத்திட்ட ஒரே அறிக்கைதான், படையணிகளின் தனி அறிக்கைகள் இல்லை. திசை எண்ணை அதிலிருந்து அப்படியே எடுத்துப் போடாதீர்கள்; 239, 265 இரண்டையும் எழுதி, ஏன் என்று காரணத்தையும் பக்கத்திலேயே போடுங்கள்.